மலைப்படம் ஒட்டிய தண்ணீர்

வவுச்சர் எழுதுகிறவள் நான்.
மாங்குளம் கிளைக் கந்தோருக்கு
மாதம் நாற்பத்தொரு பெட்டி குடிதண்ணீர் என்று
ஒன்பது வருடமாய் எழுதியிருக்கிறேன்.
ஒவ்வொரு போத்தலிலும் ஒரு மலை,
மலையின் தலையில் வெள்ளையாய் ஏதோ.
யன்னலால் பார்த்தால்
பாலை மரத்தைவிட உயரமாய் நிற்பது
ஏ-ஒன்பது ஓரத்துத் தொலைபேசிக் கோபுரம் ஒன்றுதான்.

பங்குனியில் கொழும்பிலிருந்து கடிதம்:
செலவைக் குறை, பிளாஸ்ரிக்கைக் குறை,
குழாயைத் திற.

ஒருவரும் திறக்கவில்லை.
"எங்கட கிணத்துத் தண்ணியோ?
கேத்திலுக்குள்ள பாத்தனீங்களோ?"
என்றார் கடன்பிரிவு குலவீரசிங்கம்.
பார்த்தோம்.
சுண்ணாம்பு அரை விரல் தடிப்பில்
ஓடு கட்டியிருந்தது.
அவருடைய அண்ணனுக்கு வவுனியாவில்
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள்.
அதை அவர் சொல்லவில்லை.
எங்களுக்குத் தெரியும். ஆகவே
கடிதத்தைக் கோப்பில் போட்டு
இன்னும் ஐந்து பெட்டி எடுத்தோம்.

வைகாசியில் றிஸ்வி என்றொரு பொடியன் வந்து
மூன்று வெள்ளை உருளையும் ஒரு பச்சை விளக்கும் பொருத்தினான்.
வடிந்த தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் பிடித்து
யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினான்.
பன்னிரண்டு நாளில் தாள் வந்தது.
குலவீரசிங்கம் அதைத் தன் மேசைக்குக் கொண்டுபோய்
ஈட்டுக்கு வந்த காணி உறுதியைப் போல
கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி வாசித்தார்.
மத்தியானம் எழும்பிப் போய்
அரைக் கிளாஸ் பிடித்தார். குடித்தார்.
கொஞ்சம் நின்றார்.
இன்னொரு அரைக் கிளாஸ் பிடித்தார்.
அதுதான் திறப்புவிழா.

ஆனி மாத வவுச்சரில்
தண்ணீர் என்ற வரிக்கு நேரே
ஒரு சிறு கோடு இழுத்தேன்.

கணக்கில் வராத ஒன்று இருந்தது.
துப்புரவுக்கு வரும் சிவயோகத்தின் புருஷன்
ஒட்டுசுட்டான் காட்டில் தேன் எடுக்கிறவர்.
எங்கள் வெறும் போத்தல்களில்
மலையை உரித்துப்போட்டுத் தேனை நிரப்பி
பஸ் நிற்கும் இடத்தில் விற்பார்.
"இனிப் போத்தல் வராதோ அக்கா?"
தும்புத்தடியோடு நின்று கேட்டாள்.
வராது என்றேன்.
பியர் போத்தல் நல்லது, கண்ணாடி என்றேன்.
"தேன் மணக்காதக்கா, மற்றதுதான் மணக்கும்"
என்று சிரித்தாள்.

பிறகுதான் கவனித்தேன்.
முகாமையாளர் பிடிக்கிறார், சாரதி பிடிக்கிறார்,
கடன் கட்ட வந்தவர்கூட ஒருநாள் பிடித்தார்.
சிவயோகம் பின்பக்கம் போய்
கிணற்று வாளியைச் சரித்துக் கையேந்திக் குடிக்கிறாள்.
அந்த ஓடு கட்டும் தண்ணீரை.
நாங்கள் மலையைக் குடித்த ஒன்பது வருடமும்
அவள் குடித்த தண்ணீரை.

"ஏன் இதில குடிக்கேல்லை?"
கண்ணால் காட்டினாள்.
குழாய்க்கு மேலே மூன்று மொழியில் ஒரு தாள்:
உத்தியோகத்தர் பாவனைக்கு மட்டும்.

அச்சடித்தது நான்.
வந்ததை வந்தபடி அச்சடித்து
நாலு மூலைக்கும் ரேப் ஒட்டியதும் நான்.
அவள் கொம்பனி ஆள். அவளுக்கான காசு
என் வவுச்சரில் 'ஏனைய சேவைகள்' என்று போகிறது,
தண்ணீருக்கு ஒரு வரி கீழே.

உரித்தேன். சுவர்ப் பூச்சும் கொஞ்சம் வந்தது.
ஆரும் கேட்டால் சொல்ல
ஒரு பொய் வைத்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்கும் அவள் குடிக்கவில்லை.
அடுத்த நாளும்.
வெள்ளிக்கிழமை நாலரைக்கு
நான் லாச்சியைப் பூட்டுகிற நேரம்
நடைவழியில் போத்தலுக்குள் தண்ணீர் விழும் சத்தம்,
முதலில் தடித்த குரலாய்,
ஏற ஏற மெலிந்து.
எட்டிப் பார்க்கவில்லை.
அது நிரம்பி நிற்கும்வரை
பூட்டிய லாச்சியைத் திறந்து
திரும்பவும் பூட்டினேன்.